பலாவைத் திறக்கிறார்கள், ஓடி வாங்க!

மரவாடிக்காரர்களும் ஆசாரிமார்களும் மட்டுமே பார்த்து ரசித்த ஒரு காட்சியை இன்றைக்கு நாம் வேலிக்கு உள்ளே போய், மரத்தூள் மேலே தெறிக்கிற தூரத்தில் நின்று பார்க்கப்போகிறோம். விழுந்து கிடக்கிற ஒரு கிழட்டுப் பலா, விழுந்த இடத்திலேயே பலகையாகப்போகிறது. லாரி கிடையாது, கிரேன் கிடையாது, யானையும் கிடையாது. மரத்தைத் தேடி மில்லே வந்திருக்கிறது. அந்த மில், சாக்கில் சுற்றி ஒரு மொபெட்டின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி வந்த மில்! நம்ப முடிகிறதா?

இடம், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவே ஒரு செம்மண் தோப்பு. பலாவுக்குப் பேர்போன மண். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, இந்த வழியாகத்தான் மேற்கே போனது. தென்னை, பலா, மா, தேக்கு என்று எத்தனையோ மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாலையை மறித்துக் கிடந்த பலாக்களில் பலவும் வந்த விலைக்கு விறகாகப் போயின. நாம் பார்க்கப்போகிற மரம் அன்றைக்குப் பாதி வேர் தூக்கிச் சாய்ந்ததோடு தப்பித்து, அதற்கப்புறமும் காய்த்து, போன ஆடிக்காற்றில்தான் ஒரேயடியாகப் படுத்தது.

அடியில் சுற்றளவு ஒன்பது அடி. கவை பிரிகிற இடம் வரைக்கும் நல்ல நேர்க்கட்டை. அதில் எட்டடியை மட்டும் வெட்டி எடுத்தாலே ஒன்றரை டன்னை நெருங்கும். பச்சை மரம், முழுக்க ஈரம். தோப்புக்குள் வரப்பு தாண்டி லாரி வராது. வந்தாலும் தூக்கி ஏற்ற ஆள் கிடைக்காது. நாட்டுப்புறத்தில் நல்ல நல்ல மரமெல்லாம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு அடுப்புக்கும் காளவாசலுக்கும் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மரத்துக்கு மதிப்பில்லாமல் இல்லை. நகர்த்த முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, உள்ளே வாருங்கள். பஞ்சாயத்து தொடங்கிவிட்டது!

கட்டையைச் சுற்றி மூன்று பேர். தோப்புக்குச் சொந்தக்கார ஆத்தா, உள்ளூர் ஆசாரியார், மெஷின்காரர். மெஷினை இன்னும் சாக்கிலிருந்து எடுக்கவே இல்லை. எங்கே வெட்டுவது என்று முடிவாக வேண்டும். ஆசாரியார் கட்டையை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கேட்கிறார். பொந்து இருந்தால் ஓசை மாறும். ஒரு இடத்தில் நின்று, சுண்ணாம்புக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு கிழிக்கிறார்.

“இந்தத் துண்டைப் பலகை போட வேணாம் தம்பி. அப்படியே உருட்டு உருட்டா விடுங்க. தவிலுக்கு ஆகும்.”

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏன் என்கிறீர்களா? தவிலின் உடல் பலகையால் ஒட்டுவது அல்ல, முழுக்கட்டையைக் குடைந்து எடுப்பது. அதற்குப் பலாதான் மரம். மிருதங்கமும் அப்படியே. பண்ருட்டிப் பலா என்றால் மிருதங்கம் செய்கிறவர்கள் முகம் மலரும். தஞ்சாவூர் வீணையும் பலாதான். குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே கட்டையில் கடைந்தால் அது ஏகாண்ட வீணை. அறுத்துப் பலகையாக்கிவிட்டால் இந்தக் கதவுகள் எல்லாம் மூடிப்போகும். பலகையை எப்போது வேண்டுமானாலும் போடலாம், போட்ட பலகையைத் திரும்பக் கட்டையாக்க முடியாது. அதனால்தான் ஒரு நல்ல அறுப்புக்காரர் மெஷினை எடுப்பதற்கு முன்னால் ஆசாரியைக் கூப்பிடுகிறார்.

அடிப்பக்கம் தவிலுக்கு. நடுவில் எட்டடி பலகைக்கு. கவைப் பகுதி? ஆசாரியாரும் மெஷின்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். “அதக் கடைசில பாப்போம்.” அந்தச் சிரிப்பை மறக்காதீர்கள்!

இதோ சாக்கு அவிழ்கிறது. முதலில் செயின் சா. சாதாரணமாகக் கிளை வெட்டுகிற சின்ன மெஷின் இல்லை இது. இன்ஜின் 90 சி.சி.க்கு மேலே. ரோட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிற பைக்கின் இன்ஜின் கிட்டத்தட்ட இவ்வளவுதான், யோசித்துப் பாருங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பார் மட்டும் மூன்றடி. அப்புறம் ஒரு அலுமினியச் சட்டகம்: இரண்டு நீளக் குழாய், இரண்டு பக்கமும் ஏற்றி இறக்குகிற தண்டு, பாரை இறுக்கிப் பிடிக்கிற கிடுக்கி. மில் என்று சொன்னேனே, அது இவ்வளவுதான்! பாருக்கும் சட்டகத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம் விட்டு இறுக்குகிறோமோ, அத்தனை அங்குலம் தடிமனில் பலகை வரும். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிரான்பெர்க் நிறுவனம் இந்த வகைச் சட்டகத்தை ‘அலாஸ்கன் மில்’ என்ற பெயரில் உலகத்துக்குப் பரப்பியது. இப்போது யார் செய்து விற்றாலும் தொழிலில் பேர் அலாஸ்கன் மில்தான்.

ஒரு சிக்கல் பாருங்கள். சட்டகம் தட்டையான பரப்பில் உட்கார்ந்து நகர வேண்டும். கட்டையோ உருண்டை. முதல் அறுப்புக்குத் தட்டைப் பரப்புக்கு எங்கே போவது?

மெஷின்காரரின் தம்பி தோளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஏணி! வெள்ளையடிக்கப் பயன்படுத்துகிற அலுமினிய ஏணியேதான். அதைக் கட்டையின் முதுகில் படுக்கப்போட்டு, கீழே சக்கை கொடுத்து, இரண்டு முனையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருகாணி போட்டு இறுக்குகிறார்கள். இரண்டு முனையிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு முனை கொஞ்சம் சாய்ந்தாலும் எட்டடி நீளத்துக்கும் பலகை முறுக்கிக்கொண்டுதான் வரும். முதல் பரப்பு முறுக்கினால் அதற்குக் கீழே வருகிற அத்தனை பலகையும் அதே முறுக்கோடு வரும். ஆகவே இந்தக் காட்சியில் அவசரமே கிடையாது. சக்கையைத் தட்டுகிறார், குமிழியைப் பார்க்கிறார், மறுபடியும் தட்டுகிறார். எனக்கோ எப்போது இழுப்பார்கள் எப்போது இழுப்பார்கள் என்று கால் தரையில் நிற்கவில்லை.

அந்த இடைவெளியில் செயினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். (இன்ஜின் அணைந்திருக்கும்போதுதான், கையுறையோடுதான்.) குறுக்கே மரம் வெட்டுகிற செயினில் பல்லின் தலைப்பகுதி முப்பது பாகை அளவுக்குச் சாய்வாகக் கூர் வைத்திருக்கும். இதில் பத்து பாகைதான், கிட்டத்தட்ட நேராகவே இருக்கிறது. காரணம் மரத்தின் நாரில் இருக்கிறது. குறுக்கே வெட்டும்போது பல் நாரைப் பக்கவாட்டில் அறுத்துத் தள்ளிவிடும். நீளவாட்டில் பலகை போடும்போதோ ஒவ்வொரு பல்லும் நாரின் நுனியிலேயே போய் முட்டுகிறது. மரத்தின் முரட்டுப் பக்கம் அது. சாய்வு குறைந்த பல் அந்த நுனியை நிதானமாகச் சீவும், பலகையின் முகமும் வழவழப்பாக வரும். ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் மெஷின்காரர் வட்ட அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகக் கூர் வைப்பதைப் பார்த்தேன். ஒரே திசையில், ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. பேசினால் பதில் வராது, எண்ணிக்கொண்டிருப்பார்.

செயின் என்றதும் ஒரு புழுவின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது! 1946இல் அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி விறகு பிளந்துகொண்டிருந்தார். அந்தக் காலத்துச் செயினில் பல் அடிக்கடி மழுங்கிப்போகும், கூர் வைத்தே பாதி நாள் போய்விடும். விறகுக்குள் ஒரு வண்டின் புழு. ஆள்காட்டி விரல் அளவு. வைரம் பாய்ந்த மரத்தை நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் அது சளைக்காமல் தின்றுகொண்டே போவதை அவர் பார்த்தார். அதன் வாயை உற்றுப் பார்த்தால், இரண்டு தாடை, இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவுகிறது. அதே அமைப்பை எஃகில் செய்தார் காக்ஸ். இடப்பல் ஒன்று, வலப்பல் ஒன்று, மாறி மாறி. 1947இல் அவர் தொடங்கிய கம்பெனி செயின் உலகத்தையே மாற்றியது. இன்றைக்கு இந்தத் தோப்பில் என் கையிலிருந்த செயினிலும் அதே இடப்பல், அதே வலப்பல்! மரத்தைத் தின்னக் கற்றுக்கொடுத்தது மரத்தைத் தின்கிற புழுவேதான்.

“எல்லாரும் பின்னாடி போங்க!”

காதடைப்பான் மாட்டியாயிற்று. கண்ணாடி, முகமூடி, கால் கவசம். இவை இல்லாமல் இந்த வேலையின் பக்கத்தில்கூட யாரும் போகக் கூடாது. முழு வேகத்தில் இந்த இன்ஜின் நூறு டெசிபலைத் தாண்டிக் கத்தும். கயிற்றை ஒரு இழு. இரண்டாவது இழு. பற்றிக்கொண்டது!

சட்டகம் ஏணியின் மேல் ஏறி உட்கார, பார் கட்டையின் முனையைத் தொடுகிறது. சத்தம் கனத்து இறங்குகிறது. இங்கே ஒரு ரகசியம்: ஆக்சிலேட்டரைப் பாதியில் வைத்து ஓட்டவே கூடாது. தொடக்கம் முதல் கடைசி வரை முழு அழுத்தம். வேகம் குறைந்தால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். மெஷின்காரர் கையால் முரட்டுத்தனமாகத் தள்ளுவதுமில்லை, தொடையையும் இடுப்பையும் கொடுத்து மெல்ல நகர்த்துகிறார். கட்டையின் ஒரு முனையை முன்னாலேயே கடப்பாரையால் நெம்பிக் கொஞ்சம் உயர்த்தி வைத்ததற்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. இறக்கத்தில் மெஷின் தன் எடையாலேயே நகர்கிறது! தம்பி எதிர்ப்பக்கம் பாரின் மூக்கில் எண்ணெய் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கூட நடக்கிறார். இவ்வளவு நீளப் பாருக்கு மெஷினின் சொந்த எண்ணெய் எட்டாது, மூக்குப் பக்கம் தனியாக ஒரு சின்னப் புட்டி. அறுத்த பிளவு பின்னால் மூடிக்கொண்டு பாரைக் கவ்வாமலிருக்க, இரண்டடிக்கு ஒருதரம் ஆப்பு தட்டி இறக்குகிறார்.

தூள்! கிளை வெட்டும்போது செதில் செதிலாகப் பறக்குமே, அப்படி இல்லை. மாவாக வருகிறது. அதுவும் என்ன நிறத்தில்! அரைத்த மஞ்சள் தூளை யாரோ வாரி இறைத்ததுபோல, செம்மண் தரை, ஏணி, தம்பியின் தலைமுடி எல்லாம் மஞ்சள். வாசலில் எட்டிப்பார்த்த கோழிகூட மஞ்சள்.

பத்து நிமிஷம். பார் மறுமுனையில் வெளியே வருகிறது. உடனே அணைக்கவில்லை, இன்ஜின் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடிச் சூடு தணிந்த பிறகுதான் நிறுத்தினார். ஏணியைக் கழற்றுகிறார்கள். பட்டையோடு இருக்கிற முதல் சீவலுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர்.

“தூக்கு… தூக்கு… பாத்து!”

ஐயோ, அந்த நிமிஷம்! யாருமே பார்க்காத ஒன்றை முதன்முதலாகப் பார்க்கிறோம். இந்த மரத்தை நட்டவர் பார்த்ததில்லை, அதில் ஏறிப் பழம் பறித்தவர்கள் பார்த்ததில்லை, மரமே கூட வெளியே காட்டியதில்லை. ஓரத்தில் வெளுத்த மரம் இரண்டு விரல் கனத்துக்கு. அதற்கு உள்ளே எலுமிச்சையும் பொன்னும் கலந்த மஞ்சள், நடுநடுவே ஆரஞ்சுக் கோடுகள். ஈரம் பளபளக்கிறது. ஆத்தா கிட்டே வந்து கையை அகல விரித்து அதன்மேல் வைத்தார். எடுக்கவே இல்லை. “எங்க மாமனார் வச்ச மரம்” என்று மட்டும் சொன்னார்.

இந்த மஞ்சளை ஆசை தீரப் பார்த்துக்கொள்ளுங்கள், நிற்காது! காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டு மெல்லப் பழுத்து, வருஷங்கள் போகப் போக மஹோகனிக்குப் பக்கத்தில் வைக்கிற அளவு செம்பழுப்பாகிவிடும். பழைய வீடுகளில் பலாக்கதவைப் பார்த்து அது பலா என்றே பலருக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். தென்கிழக்கு ஆசியாவில் பௌத்த பிக்குகளின் காவித் துணிக்குச் சாயம் ஏற்றியதே இந்த வைரத்தின் சீவலைக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான். இன்றைக்குத் தோப்பில் பெருக்கிக் கொட்டுகிற தூளில் எத்தனை காவி உடை இருக்கிறது!

அடுத்த அறுப்புக்கு ஏணி தேவையில்லை. இப்போது கிடைத்த தட்டைப் பரப்பே தண்டவாளம். இடைவெளியை இரண்டு அங்குலத்துக்கு இறுக்கிக்கொண்டு மெஷின் மறுபடி ஏறுகிறது. பலகை, பலகை, பலகை. இடையிடையே நிறுத்திச் செயினை மண்ணெண்ணெயில் கழுவுகிறார்கள். பலாவாயிற்றே, பால் ஒட்டாமல் இருக்குமா? பழம் அரியும்போது கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வோம். செயினுக்கு மண்ணெண்ணெய்.

ஒவ்வொரு பலகையைத் தூக்கும்போதும் கோலம் மாறுகிறது, அதை எவ்வளவு பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. மேல் பலகைகளில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூம்பிக் கூம்பி ஓடுகின்றன. நடுவை நெருங்க நெருங்கக் கோடுகள் நிமிர்ந்து நேராகிவிடுகின்றன. ஒரே மரம், ஒரே வளையம், வாள் போகிற கோணம்தான் வேறு. அழகில் மட்டுமல்ல, குணத்திலும் வித்தியாசம் உண்டு. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் கோலம் போட்ட பலகை காயும்போது பட்டைப் பக்கம் குழியப் பார்க்கும். நேர்க்கோட்டுப் பலகை சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கும். “கதவுச் சட்டத்துக்கு நேர்க்கோடு, மேஜைக்குக் கோலம்” என்று ஆசாரியார் பலகை பலகையாகச் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே வருகிறார். நட்டநடுக் கருவோடு வந்த பலகையை மட்டும் ஒதுக்கி வைத்தார். கரு இருக்கிற இடத்தில் வெடிப்பு விழுந்தே தீரும். அதை நடுவில் பிளந்து, கருவை எடுத்துவிட்டு, இரண்டு சட்டமாக்கிக்கொள்ள வேண்டுமாம்.

திடீரென்று ‘கிரீச்’! ஒரு பொறி. இன்ஜின் உடனே நின்றது.

ஆணி. மரத்துக்குள்ளே விரல் கனம் ஆழத்தில், சுற்றிலும் கறுத்த மரத்தோடு ஒரு பழைய துருப்பிடித்த ஆணி. இங்கே ஓர் அற்புதமான விஷயம் இருக்கிறது. மரம் உயர்வது நுனியில்தான், அடிமரம் பருக்கிறதே தவிர மேலே ஏறுவதில்லை. அதனால் எந்த உயரத்தில் ஆணி அடித்தார்களோ அதே உயரத்தில்தான் அது கிடக்கும், மரம் அதன்மேல் வளையம் வளையமாக மூடிக்கொண்டு போகும். ஆகவே வீட்டுப் பக்கத்து மரம் என்றால் ஆள் உயரத்துக்குக் கீழே ஆணி, கொக்கி, முள்கம்பி எல்லாம் இருக்கும் என்று நினைத்தே கட்டையைத் தொட வேண்டும். உலோகம் தேடும் சின்னக் கருவி வைத்திருப்பவர்கள் முன்னாலேயே தடவிப் பார்த்துவிடுகிறார்கள். செயினுக்குப் பத்துப் பல் போயிற்று. தம்பி அரத்தை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார். ஆத்தா எல்லோருக்கும் மோர் கொண்டுவரப் போனார்.

மோர் குடிக்கிற நேரத்தில் ஒரு வழக்கைப் பேசித் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இதைக் கேட்காத மரவாடிக்காரர் கிடையாது. செயின் மில்லில் மரம் வீணாகிறதே என்பார்கள். உண்மைதான். ஆசாரிமார் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். மரவாடியில் ஓடுகிற பேண்ட் சா ஒரு நூலுக்கும் குறைவாகத் தின்னும். செயின் ஏறக்குறைய மூன்று நூல் தின்னும். எட்டு அறுப்பு போட்டால் மூன்று அங்குலம் தூளாகிவிட்டது. ஒன்றரை அங்குலப் பலகை இரண்டு போச்சு! கேட்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் நான் செயின் மில்லின் கட்சி. அந்த மூன்று அங்குலத்தைக் காப்பாற்ற மரவாடிக்குப் போகத்தான் வேண்டும், போக வழியில்லாத கட்டைக்கு அந்தப் பேச்சே கிடையாது. முழுமரமும் விறகாகிச் சாம்பலாவதா, மூன்று அங்குலம் தூளாவதா? ரோட்டோரம் கிடக்கிற, லாரியில் ஏற்றத் தோதான மரம் என்றால் யோசிக்காமல் மரவாடிக்கே அனுப்புங்கள். தோப்புக்குள், மலைச்சரிவில், வீட்டுக் கொல்லையில் மாட்டிக்கொண்ட மரத்துக்கு இதுதான் மருந்து.

அளவுக் கணக்கும் சுவாரசியம். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. நம் மரத்துக்கு இரண்டேகால் பெருக்கல் இரண்டேகால் பெருக்கல் எட்டு, நாற்பதரை கன அடி. உண்மையில் அந்த உருளையின் கொள்ளளவு ஐம்பத்தொன்றரைக்கு மேலே! மீதி எங்கே? பட்டை, சீவல், தூள் என்று சேதாரமாகப் போவதற்காக முன்னாலேயே கழித்துக்கொண்ட கணக்கு அது. எட்வர்ட் ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736இல் வெளியிட்ட அளவைப் புத்தகத்தால் புகழ்பெற்ற இந்த வாய்ப்பாடு, கப்பலேறி வந்து நம் மரவாடிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி சரி, மோர் போதும். கவை! கவைக்கு வந்துவிட்டோம்!

ஒரு அடிமரம் இரண்டாகப் பிரிகிற இடம். விறகுக்காரர்கள் இதைப் பார்த்தாலே ஓடுவார்கள், ஏனென்றால் பிளக்கவே பிளக்காது. இரண்டு கிளையின் நாரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொண்டிருக்கும், கோடாரி போய்த் துள்ளித் திரும்பும். கோடாரிக்கு எதிரி எதுவோ அதுதான் வாளுக்குப் புதையல். கவையை இரண்டு கிளைக்கும் நடுவாக, சரியாக அதன் மத்தியில் வாள் போகும்படி படுக்க வைக்க வேண்டும். அரை அங்குலம் தப்பினாலும் கோலம் பாதி மறைந்துவிடும். ஏணி மறுபடி வந்தது. ரசமட்டம் மறுபடி வந்தது. இந்தமுறை ஆசாரியாரே குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

அறுப்பு நத்தை வேகம். பின்னிய நார் பல்லைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. நடுவில் ஒருதரம் நிறுத்திக் கூர் வைத்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் பிளவு முழுதாக விழுந்து, இருவர் பிடித்து மேல்பாதியைப் புரட்டிப் போட்டார்கள்.

யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்! அடியிலிருந்து ஒரு மஞ்சள் தண்டு எழும்பி, கவை பிரிகிற இடத்தில் இருபுறமும் தோகையாக விரிகிறது. ஒவ்வொரு நாரும் அலையலையாகச் சுருண்டு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு நிறம், தலைமாட்டில் நின்று பார்த்தால் வேறு நிறம். புரட்டிப் போட்ட மறுபாதியிலும் அதே தோகை, கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிர்ப்புறமாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கதவுக்கு இரண்டு மடல். ஆசாரியார் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். வாழ்நாளெல்லாம் மரத்தோடு வாழ்ந்த மனிதர் படம் பிடிக்கிறார் என்றால் பாருங்கள்!

“ஆத்தா, இத விக்காதீங்க. பூசையறைக் கதவு நான் போட்டுத் தர்றேன்.”

“விக்கிறதா? நல்லாருக்கே! எம் பேத்தி கல்யாணத்துக்கு ஊஞ்சப் பலகையும் வேணும், அதையும் எழுதிக்க.”

வேலை இத்தோடு முடியவில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது. பச்சைப் பலகையை வெயிலில் சாய்த்து வைத்தால் ஒரு வாரத்தில் வெடித்துச் சிதறும். அதனால் அன்றைக்கே பலகையின் இரண்டு முனைக்கும் பெயின்ட் அடித்துவிட்டார்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அதை அடைத்தால்தான் மரம் நிதானமாகக் காயும். மாட்டுக்கொட்டகை நிழலில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, கீழே கல் கொடுத்து, பலகைக்குப் பலகை ஓர் அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக இடையில் வைத்து அடுக்கினார்கள். குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அலையாக நெளியும். மேலே பாரத்துக்கு இரண்டு கருங்கல். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது தொழிலில் உள்ள பழைய கணக்கு. நம்மூர் வெக்கைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவும் காயலாம், ஆனால் இரண்டு அங்குலப் பலகையை அவசரப்படுத்தி யாரும் நன்மை கண்டதில்லை. வெளுத்த ஓரமரத்தில் உளுவண்டு ஏறும், அதற்குப் போராக்ஸ் கரைசல் பூசினார்கள். வைரத்தைக் கறையான்கூட லேசில் தொடாது.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். மரத்தடிக்கே போய் அறுக்கிற சௌகரியம் திருடனுக்கும் சௌகரியம்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாடு 1998இல் செயின் சாவால் அறுத்த பலகையை விற்பதையே தடை செய்தது. தென் அமெரிக்காவில் கயானாவோ அனுமதிச் சீட்டோடு அதே தொழிலை நடத்துகிறது, காட்டோர ஊர்களின் சோறு அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஈட்டி மரத்துக்கென்று 1994இல் தனிச்சட்டமே போட்டார்கள். மலைப்பகுதிக்குத் தனிச்சட்டம், மரத்தை வண்டியில் கொண்டுபோக 1968ஆம் ஆண்டு விதிகள். ஆகவே சொந்தக் கொல்லை மரமே ஆனாலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டு, காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினை இழுங்கள். நின்று காய்க்கிற மரத்தை இந்த ஆசைக்காக வெட்டுவதை நான் ஒருநாளும் ஒப்பமாட்டேன். விழுந்த மரமே நமக்கு ஏராளம், ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையும் அனுப்பிவைக்கிறது.

உங்கள் வீட்டிலோ, சொந்தக்காரர் தோப்பிலோ பலா, வேம்பு, வாகை, பூவரசு, மா என்று எது விழுந்தாலும் விறகு வண்டிக்குப் போன் போடுவதற்கு முன்னால் உள்ளூர் ஆசாரியை ஒருதரம் கூட்டிவந்து காட்டுங்கள். அவர் வருகிற வரைக்கும் கட்டையைத் துண்டு போட விடாதீர்கள், கவையைக் கழிக்க விடாதீர்கள், வெட்டின முனையில் அன்றைக்கே ஒரு கை பெயின்ட் அடித்து வையுங்கள். முதல் பலகையைத் தூக்குகிற நாளில் வீட்டுப் பிள்ளைகளை மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள், காதடைப்பான் மாட்டிவிட்டுத் தள்ளி நிற்கவைத்துக் காட்டுங்கள்.